வாழைக்கொல்லையில் ஒரு சிவப்புப் புள்ளி

அருங்காட்சியகத்தின் பழைய அட்டைகளைக் கணினியில் ஏற்றும் வேலைக்கு என்னைத் தேர்ந்தெடுத்தது என் கையெழுத்தைப் பார்த்துத்தான் என்று காப்பாட்சியர் ஒருமுறை சொன்னார். கையெழுத்துக்கும் தட்டச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "இவ்வளவு ஒழுங்கா எழுதறவங்க தப்பா டைப் பண்ண மாட்டாங்கன்னு ஒரு நம்பிக்கைதான்க்கா" என்றார். அவர் என்னைவிட மிகவும் இளையவர். அந்த வாக்கியத்தை அன்றே நாட்குறிப்பில் எழுதி வைத்துக்கொண்டேன். அதில் எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் கூசுகிறது.

திருச்சியில் எங்கள் அருங்காட்சியகம் பெரியதல்ல. மாடியில் ஒரு நீளமான அறை, அதில் தகர அலமாரிகள், அலமாரிகளில் பழுப்பேறிய அட்டைகள். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அட்டை. பொருளின் விவரம், யார் கொடுத்தது, எங்கே கிடைத்தது, எப்படி வந்தது எல்லாம் அதில் இருக்கும். அட்டையை ஸ்கேன் செய்து, அதிலுள்ளதை ஒரு படிவத்தில் கட்டம் கட்டமாகத் தட்டச்சு செய்து, இணையதளத்தில் ஏற்ற வேண்டும். உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஸ்கேன் செய்யும்போது மின்விசிறியை நிறுத்திவிடுவோம், ஓரம் இற்றுப்போன அட்டைகள் பறந்துவிடும் என்று. திருச்சி வெயிலில் அந்த அறையில் வியர்வை அட்டைமேல் சொட்டாமல் இருக்க நெற்றியில் கைக்குட்டை கட்டிக்கொண்டு வேலை செய்தேன். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

தொட்டியத்து அட்டை மழைக்காலத்துக்கு முன்பு என் கைக்கு வந்தது. ஒரு மண்பானை, அதற்குள் செம்புக் காசுகள், ஒரு வெண்கலக் கைமணி, உடைந்த தூபக்கால். வகை என்ற இடத்தில் 'புதையல்' என்று எழுதியிருந்தது. மண்ணுக்கடியில் கிடைத்து அரசிடம் ஒப்படைக்கப்படும் எதற்கும் அலுவலகத்தில் அதுதான் பெயர். அது பொன்னாக இருக்க வேண்டியதில்லை, ஓட்டாஞ்சில்லியாகக்கூட இருக்கலாம். கிடைத்த இடம்: 'தொட்டியம் அருகே, வாய்க்காலுக்குத் தெற்கே, வாழைக்கொல்லையில் தென்னம்பிள்ளை வைக்கக் குழி வெட்டுகையில்.' அதன்கீழே ஒரு விவசாயியின் பெயர்.

படிவத்தில் கிடைத்த இடத்துக்கு ஒரு வரைபடம் இருந்தது. அதில் ஒரு சிவப்புப் புள்ளியை நகர்த்தி வைக்க வேண்டும்.

"ஊர் மேல ஒரு புள்ளி வெச்சுட்டு அடுத்த கார்டுக்குப் போங்கக்கா" என்றார் காப்பாட்சியர்.

"ஊருக்கு நடுவுல கிடைக்கலையே சார்."

"அது பரவாயில்லக்கா."

பரவாயில்லை என்ற சொல்லை என்னால் தாங்க முடிவதில்லை. வீட்டிலும் அப்படித்தான். சர்க்கரை டப்பாவில் உப்பு என்று எழுதியிருந்தாலும் பரவாயில்லை என்று இருந்துவிடக்கூடிய மனிதர் என் கணவர். துவாக்குடியில் ஒரு சிறு பட்டறையில் மேற்பார்வை வேலை. அன்று இரவு சாப்பிடும்போது இந்த விஷயத்தைச் சொன்னேன். "ஏம்மா, தொட்டியத்துக்கே போய் அந்தக் குழியில எறங்கிப் பாத்துட்டு வந்துடேன்" என்று கிண்டல் செய்தார். நான் அந்த ஞாயிற்றுக்கிழமையே போனேன்.

ஸ்ரீரங்கத்திலிருந்து டோல்கேட் போய் நாமக்கல் பஸ் பிடித்தேன். தொட்டியத்தில் இறங்கி அட்டையிலிருந்த பெயரைச் சொல்லி விசாரித்தேன். அவர் இறந்துவிட்டார். மகன் இருக்கிறார் என்று ஒரு டீக்கடைக்காரர் வழிகாட்டினார். மகனும் விவசாயிதான், என் வயதிருக்கும். அருங்காட்சியகத்திலிருந்து வருகிறேன் என்றதும் மேல்துண்டை எடுத்து உதறி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். முதலில் மேடம் என்றார். நான் ஸ்ரீரங்கம் என்றதும், என் மூத்தாரும் முசிறிப் பக்கம் வாழை போடுகிறார் என்றதும், அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்.

"எங்கப்பா கண்டெடுத்ததாக்கா? அது இன்னும் இருக்கா?"

"இருக்கு. கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கு."

உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். "இந்தா, கேட்டியா? எங்கப்பன் பானை இன்னும் இருக்காம். ஒன் பானைதான் தெனம் ஒடையுது."

"பானைய மட்டுமா ஒடைக்கிறேன்?" என்று உள்ளிருந்து பதில் வந்தது.

அவரே என்னைக் கொல்லைக்கு அழைத்துப் போனார். பூவன் வாழை, ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நின்றது. இலைகளுக்கடியில் வெளிச்சம் பச்சையாக இருந்தது. வாய்க்காலிலிருந்து தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த ஆள் மண்வெட்டியை ஊன்றி நின்று எங்களைப் பார்த்தார். வயதானவர், ஒல்லியான உடம்பு. விவசாயி ஒரு மூலையில் நின்றிருந்த தென்னையைக் காட்டினார். "இந்தா, இந்த மரத்துக்கு வெட்டுன குழிதான். எங்கப்பா எனக்கு இதே எடத்துல நின்னு காட்டியிருக்காரு."

தென்னையின் அடியில் நின்று என் கைபேசியில் அந்த இடத்தின் எண்களைக் குறித்துக்கொண்டேன். அவர் ஆர்வத்துடன் எட்டிப் பார்த்தார். "இது எதுக்குக்கா?" என்றார். "சரியான இடத்தைப் பதிவு பண்ணத்தான்" என்றேன். அந்தப் பதிவை யார் பார்ப்பார்கள் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைத்துச் சொல்லாமல் இருக்கவில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை. அந்த ஊர், அந்த வாய்க்கால், அந்த மரம் எல்லாம் அப்போது எனக்கு ஒரு படிவத்தின் காலியான கட்டமாக இருந்தன. இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள், குடித்தேன். ஒரு சீப்புப் பழம் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை அந்தச் சிவப்புப் புள்ளியைத் தென்னை மரத்தின் தலையில் வைத்தேன். வானத்திலிருந்து எடுத்த படத்தில் தென்னையின் மட்டைகள்கூட நட்சத்திரம் போலத் தெரிந்தன. காப்பாட்சியர் பார்த்துவிட்டு, "நீங்க வேற லெவல்க்கா" என்றார்.

தார்கள் முற்றத் தொடங்கி, வெட்டுக்குச் சில வாரங்கள் இருந்தபோது அந்த விவசாயி எனக்கு போன் செய்தார். அவர் எண் என்னிடம் இருந்தது. என் எண்ணை அவரும் வைத்திருந்தார்.

"அக்கா, ஒங்கள விட்டா எனக்கு வெவரமானவங்க யாரும் தெரியாது. போலீஸ்ல ஒரு மனு குடுக்கணும். எப்படி எழுதறதுன்னு சொல்லுங்க."

"என்ன ஆச்சு?"

"கொல்லையத் தோண்டிட்டானுங்கக்கா."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் சொல்லிக்கொண்டே போனார். முதலில் இரண்டு பேர் கேமரா எடுத்துக்கொண்டு வந்து வாழைச் சாகுபடி பற்றி வீடியோ எடுக்கிறோம் என்றார்களாம். பிறகு வேறு ஆட்கள் கைப்பிடி வைத்த ஏதோ இயந்திரத்துடன் வரப்பில் நடந்தார்களாம். கேட்டதற்கு மண் பரிசோதனை என்றார்களாம். முந்தைய நாள் இரவு தென்னையைச் சுற்றிக் குழி போட்டிருக்கிறார்கள். குறுக்கே நின்ற வாழையை எல்லாம் வெட்டித் தள்ளியிருக்கிறார்கள். "பொதையல் இருக்குன்னு எவனோ கௌப்பி விட்டுட்டான்க்கா. எவன்னு எனக்குத் தெரியும்."

யார் என்று கேட்டேன்.

"தண்ணி பாய்ச்சுற ஆளுதான். அன்னிக்கு நீங்க வந்தப்ப மண்வெட்டியோட நின்னுக்கிட்டு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தானே. அவனத் தவிர வேற எவனுக்கு அந்த எடம் தெரியும்? காலையிலயே கணக்கத் தீத்து அனுப்பிட்டேன்."

போனை வைத்ததும் கணினியில் அந்த அட்டையைத் திறந்தேன். புள்ளி தென்னையின்மேல் இருந்தது. பக்கத்திலேயே, நான் என் விரலால் தட்டச்சு செய்த சொல்: புதையல். கைபேசியில் அந்தச் சொல்லையும் தொட்டியத்தையும் சேர்த்துத் தேடிப் பார்த்தேன். எங்கள் பக்கம்தான் முதலில் வந்தது. அடுத்து வந்தது ஒரு வீடியோ. அதில் ஒருவர் எங்கள் வரைபடத்தை விரலால் பெரிதாக்கிக் காட்டி, "கவர்மென்ட்டே எடத்தச் சொல்லுது நண்பர்களே" என்று பேசிக்கொண்டிருந்தார்.

அப்போதே திரும்ப போன் செய்து சொல்லியிருக்கலாம். செய்யவில்லை. மனு எழுத நேரில் வருகிறேன் என்று மட்டும் செய்தி அனுப்பினேன். நேரில் சொல்வதுதான் முறை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கு அவகாசம் வேண்டியிருந்தது.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். வெட்டுப்பட்ட வாழைகள் வெள்ளைச் சாறு வடிந்து கறுத்துக் கிடந்தன. தார்கள் மண்ணில் புதைந்திருந்தன, காய்கள் இன்னும் முழுதாக முற்றாதவை. வாழைக்கு ஊன்றியிருந்த சவுக்குக் கம்பு முட்டுகளைப் பிடுங்கிக் குழிக்குமேல் பாலம்போலப் போட்டிருந்தார்கள். தென்னையின் வேர்கள் ஒரு பக்கம் முழுவதும் அறுபட்டு வெளியே தெரிந்தன. அவர் மனைவி தரையில் கிடந்த ஒரு தாரைத் தூக்கி மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "பாருங்க, பாருங்க, பச்சப்புள்ளைய வெட்டுன மாதிரி வெட்டியிருக்கானுங்க" என்றார்.

பம்புசெட் அறை வாசலில் நாற்காலி போட்டார்கள். நான் வெள்ளைத்தாளை அட்டையில் வைத்து எழுத ஆரம்பித்தேன். இந்த மாதிரி எழுத்தில் எனக்கு நல்ல பழக்கம். அனுப்புநர், பெறுநர், பொருள். கொல்லையின் எல்லை, என்ன நடந்தது, எவ்வளவு சேதம். எழுத எழுத எனக்குள் ஏதோ அமைதியாவதைக் கவனித்தேன். வாக்கியங்கள் சரியாக வந்துகொண்டிருந்தன. அவற்றில் ஒன்றுகூடப் பொய்யில்லை. ஓர் உண்மை மட்டும் அதில் இல்லை, அவ்வளவுதான்.

"நல்லா இருக்குக்கா" என்றார் விவசாயி, வாசித்துக் காட்டியதும். "இப்ப கீழ எழுதுங்க. இன்னார் மேல சந்தேகம் இருக்குன்னு."

"பேரு எழுதணுமா?"

"எழுதாம? பேரு இல்லாட்டி ஸ்டேஷன்ல மனுவ மடிச்சு டீ க்ளாஸுக்கு அடியில வெச்சுருவாங்க." அவர் அந்தப் பெயரைச் சொன்னார்.

நான் பேனாவைத் தாளில் வைத்தேன். முதல் எழுத்தை எழுதினேன். இரண்டாவது எழுத்தையும் எழுதினேன். என் கையெழுத்து அப்போதும் அழகாகத்தான் இருந்தது. பேனாவைத் தாளிலிருந்து எடுத்தேன்.

"அவர் சொல்லல" என்றேன்.

"என்னக்கா?"

"அவர் யார்கிட்டயும் சொல்லல. நான்தான் சொன்னேன். இன்டர்நெட்ல போட்டேன். அன்னிக்குப் போன்ல குறிச்சேனே, அந்த இடத்தை அப்படியே மேப்ல போட்டேன். அதைப் பாத்துட்டுத்தான் வந்திருக்காங்க."

கைபேசியை எடுத்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். தன் கொல்லையை வானத்திலிருந்து அவர் அதுவரை பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். விரலால் வாய்க்காலைத் தொட்டார், பம்புசெட் கூரையைத் தொட்டார். பிறகு புள்ளியைத் தொட்டார். அது பெரிதாகி, அவருடைய அப்பாவின் பெயரைக் காட்டியது.

அவர் மனைவிதான் முதலில் பேசினார். "அப்ப நேத்தே ஒங்களுக்குத் தெரியுமா?"

"போன் வந்ததுக்கு அப்புறம் பாத்தேன்."

"பாத்துட்டுத்தான் இவ்வளவு நேரம் ஒக்காந்து எழுதுனீங்களா?"

அவர் கையிலிருந்த தாரைச் சுவரோரமாக வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

விவசாயி கண்ணாடியைக் கழற்றினார். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "எதுக்கு மேடம் போட்டீங்க?" என்று கேட்டார், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவரைப் போல. "ஊர் பேரு போட்டாப் பத்தாதா?"

பத்தும் என்றுதான் எனக்கும் சொன்னார்கள் என்றேன்.

தாளை என் கையிலிருந்து வாங்கி, அந்த இரண்டு எழுத்தும் இருந்த அடிப்பகுதியை மட்டும் மடித்துக் கிழித்தார். மேல்பகுதியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பஸ் நிறுத்தம் வரை யாரும் என்னுடன் வரவில்லை.

அலுவலகத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். காப்பாட்சியர் அன்றே அந்தப் புள்ளியை நீக்கி ஊர் பெயரை மட்டும் வைத்தார். உடனே புள்ளி தானாக நகர்ந்து ஊருக்கு நடுவே யாருடைய வீட்டுக் கூரைமேலோ போய் உட்கார்ந்தது. "வரைபடமே வேண்டாம் சார், எடுத்துடுங்க" என்றேன். எடுத்தார். விவசாயியின் அப்பா பெயரையும் எடுத்தார். பிறகு மற்ற புதையல் அட்டைகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். குளக்கரை, களத்துமேடு, வீட்டுக்கொல்லை என்று நான் விசாரித்து விசாரித்து வைத்த புள்ளிகள். என் மேல் எந்தக் குற்றமும் எழுதப்படவில்லை. "நானும் அப்ரூவ் பண்ணேன்லக்கா" என்றார் அவர். ஆனால் அவர் எனக்கு முன்பே சொன்னார் என்பதை என்னால் மறக்க முடியவில்லை.

விவசாயியிடம் புள்ளியை எடுத்துவிட்டோம் என்று சொன்னேன். "சரிங்க மேடம்" என்றார். அதன் பிறகு யாராவது வரும்போதெல்லாம் எனக்கு போன் செய்தார். கோபமில்லாமல், மின்வாரியத்துக்குக் கம்பி அறுந்ததைச் சொல்வதுபோலச் சொல்வார். "மேடம், இன்னிக்கு ஒரு கார் வந்துச்சு." "மேடம், ரெண்டு பசங்க. சேலமாம்." ஒருமுறை போனை அந்தப் பையன்களிடமே கொடுத்துவிட்டார். அந்தப் பானையை நான் கையால் தொட்டிருக்கிறேன், அதில் பொன் எதுவும் இல்லை, செம்புக் காசும் ஒரு மணியும்தான் என்று சொன்னேன்.

"இல்லேன்னா எதுக்கு மேடம் மேப்ப எடுத்தீங்க?" என்றான் ஒருவன்.

அவன் கேட்டதில் தவறில்லை. வைத்ததால் வந்தார்கள். எடுத்ததால் நம்பினார்கள்.

கடைசியாக அவர் போன் செய்தபோது யாரும் வந்திருக்கவில்லை. "வெள்ளிக்கிழமை வாங்க மேடம்" என்றார். "நானே தோண்டப் போறேன்."

போனேன். வாழை வெட்டு முடிந்து மிஞ்சிய தார்கள் காந்தி மார்க்கெட்டுக்குப் போயிருந்தன. கொல்லை ஓரத்தில் ஜேசிபி நின்றது. வி.ஏ.ஓ. வந்திருந்தார். ஊரில் பாதிப் பேர் வரப்புகளில் நின்றார்கள். வேண்டுமென்றேதான் எல்லோருக்கும் சொல்லியனுப்பியிருந்தார். தென்னை ஏற்கெனவே பட்டுப்போய்க்கொண்டிருந்தது. முதலில் அதைத்தான் சாய்த்தார்கள். பிறகு இயந்திரம் மண்ணை அள்ளி அள்ளிப் பக்கத்தில் கொட்டியது. ஒவ்வொரு அள்ளலுக்கும் பையன்கள் மண்குவியலில் பாய்ந்து கைவிட்டுப் பார்த்தார்கள். ஓர் ஓட்டுச்சில்லு கிடைத்ததும் பெரிய கூச்சல். அது தங்கள் வீட்டு அடுப்படி ஓடு என்று விவசாயியின் மனைவி சொன்னதும் சிரிப்பு.

ஆள் மறையும் அளவு ஆழம் போனதும் அடியில் தண்ணீர் ஊறியது. விவசாயி கையைத் தூக்கி இயந்திரத்தை நிறுத்தினார்.

"எல்லாரும் நல்லா எட்டிப் பாத்துக்குங்கப்பா. போட்டோ புடிச்சுக்குங்க. வீடியோ எடுத்துப் போடுங்க. எங்கப்பன் எடுத்ததுதான் இருந்துச்சு. வேற ஒண்ணும் இல்ல." பிறகு என் பக்கம் திரும்பினார். "மேடம், நீங்களும் சொல்லுங்க."

நான் குழியின் விளிம்பில் நின்று, பானையில் என்னென்ன இருந்தன என்று உரக்கச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற பிள்ளையைப் போல இருந்தது. சிலர் படம் எடுத்தார்கள். பின்னால் ஒருவர், "எடுத்ததுக்கு அப்புறம் எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க" என்றார்.

கூட்டம் கலைகிறபோது எதிர் வரப்பில் அந்தத் தண்ணீர் பாய்ச்சுகிற ஆளைப் பார்த்தேன். விவசாயி அவரிடம் இரண்டு முறை போய்க் கூப்பிட்டும் அவர் திரும்பி வேலைக்கு வரவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வேறொருவர் கொல்லையில் வேலை செய்தார். நான் வரப்பில் சுற்றிக்கொண்டு அவரிடம் போனேன். நான் யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"உங்க மேல பழி வந்தது என்னாலதாங்க" என்றேன்.

"சொன்னாங்க." அவர் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மனுவுல எம்பேர எழுதச் சொன்னதுக்கு நீங்க எழுத மாட்டேன்னுட்டீங்களாம்ல. அவரே சொன்னாரு."

அப்படியே விட்டிருக்கலாம். ஒரு கணம் விட்டுவிடத்தான் நினைத்தேன். "ரெண்டு எழுத்து எழுதிட்டேன்" என்றேன். "அதுக்கப்புறம்தான் நிறுத்தினேன்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "எம்பேரு சின்னப் பேருங்க. ரெண்டெழுத்துன்னா பாதி எழுதிட்டீங்களே."

சிரித்தாரா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. வாயில் வெற்றிலை இருந்தது. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, "மோட்டார் போட்டுட்டு வந்திருக்கேன், மடை ஒடைஞ்சுரும்" என்று சொல்லி வாழைகளுக்கு நடுவே போய்விட்டார். எதிர்ப்பக்கம் விவசாயியின் மனைவி ஜேசிபிக்காரரிடம் கத்திக்கொண்டிருந்தார், குழியை இப்போதைக்கு மூட வேண்டாம், வருகிறவனெல்லாம் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று.